சக்கர நட்டுகளை எவ்வளவு இறுக்குவது, எப்படி இறுக்குவது

முன்பக்கச் சக்கரம் பஞ்சரானபோது நீங்களே அதைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டியதாகவும், நட்டுகள் துருப்பிடித்திருந்ததால் ஸ்டட்டுகளில், அதாவது நட்டுகள் ஏறும் மரையிட்ட தண்டுகளில், எண்ணெய் விட்டதாகவும், கையால் இறுக்கியது போதாது என்று தோன்றவே வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோதும் அதே முறையைத்தான் கையாண்டிருக்கிறீர்கள். சில மாதங்கள் கழிந்த நிலையில், இப்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் லேசாக நடுங்குகிறது என்கிறீர்கள். எவ்வளவு இறுக்கினால் பாதுகாப்பு, எண்ணெய் விட்டது சரியா, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் உண்மையிலேயே தேவையா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றுக்கும் விடை ஒரே வேரிலிருந்து கிளைப்பதால் முதலில் அந்த வேரைச் சொல்லிவிடுகிறேன்.

சக்கரம் ஸ்டட்டுகளின் மேல் தொங்குகிறது, வண்டியின் எடையை அந்த நான்கைந்து இரும்புத் தண்டுகளே சுமக்கின்றன என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஸ்டட்டுக்கும் அது நுழையும் துளைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. ஒழுங்காக மாட்டிய சக்கரத்தில் ஸ்டட்டின் உடல் துளையின் சுவரைத் தொடுவதே இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகக் கெட்டியான ஒரு சுருள்வில்லைப் போல நீள்கிறது. நீண்ட ஸ்டட் தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல, அந்த முயற்சியே சக்கரத்தின் உள்முகத்தை ஹப்பின் (சக்கரம் வந்து பொருந்தும் சுழலும் நடுப்பாகத்தின்) முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அவ்விரு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வுதான் எஞ்சின் தரும் உந்தலையும், பிரேக்கின் பிடிப்பையும், வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும், வண்டியின் எடையையும் ஒரு முகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகிறது. ஆகவே நட்டை இறுக்குவது என்பது ஸ்டட்டை அளவாக நீட்டுவதே ஆகும்.

அந்த அளவை எண்ணில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பயணிகள் கார்களில் பரவலாகக் காணப்படும் 12 மி.மீ. ஸ்டட்டை, மரை உலர்ந்திருக்கும் நிலையில், 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் (நட்டைத் திருப்பும் வலிமையின் அளவு இது) இறுக்கினால் அதில் ஏறக்குறைய 40,000 நியூட்டன், அதாவது 4 டன் அளவுக்கு இழுவிசை உருவாகிறது. ஐந்து ஸ்டட்டுகள் என்றால் 20 டன். முகங்களுக்கு இடையிலான உராய்வுக் கெழுவை 0.15 என்று தாழ்வாகவே எடுத்துக்கொண்டாலும், சக்கரம் ஹப்பின் மேல் வழுக்க வேண்டுமானால் 3 டன் விசை வேண்டும். 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மேல் நிற்பது சுமார் 300 கிலோதான் என்பதால், பள்ளத்தில் இறங்கினாலும் கடுமையாகத் திருப்பினாலும் பிடிப்பு மிச்சமிருக்கும். இவ்வளவு பெரிய விசைக்காக ஸ்டட் எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிட்டால் 0.05 மி.மீ. அளவில்தான் விடை வருகிறது; நாம் எழுதும் தாளின் தடிமனில் அது ஏறத்தாழப் பாதி. இந்த அரைத்தாள் நீட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் விதிகளின் காரணம் பெரும்பாலும் தானாகவே புலப்படும்.

இறுக்கம் குறைந்தால் நேர்வது இதுதான். அழுத்தம் போதாதபோது சக்கரத்தின் முகம் ஹப்பின் மேல் மிக நுண்ணிய அளவில் இப்படியும் அப்படியும் நழுவத் தொடங்குகிறது. குறுக்குவாட்டில் நேரும் இந்த நழுவல்தான் மரையாணிகளைத் தாமாகவே தளரச் செய்யும் முதன்மைக் காரணம் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969ஆம் ஆண்டில் சோதனைகளால் நிறுவினார்; அவருடைய பெயரால் வழங்கும் அதிர்வுச் சோதனை இன்றும் நட்டு, போல்ட் ஆய்வில் பயன்படுகிறது. நழுவல் தொடங்கியதும் நட்டு சிறிது சிறிதாகத் தளர்கிறது, தளரத் தளர நழுவல் பெருகுகிறது. அத்துடன், அதுவரை இழுவிசையை மட்டுமே தாங்கிய ஸ்டட் இப்போது சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. சாதாரணக் கார் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுற்றுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போல ஸ்டட் ஒடிவதற்கு அதிக தூரம் ஓட வேண்டியதில்லை.

‘அப்படியானால் முடிந்த மட்டும் இறுக்கிவிடுவதே நல்லது’ என்ற முடிவுக்குத்தான் நீங்களும் வந்திருக்கிறீர்கள். அந்த முடிவு எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம். காருடன் வரும் வீல் ஸ்பேனர் சுமார் 25 செ.மீ. நீளம் இருக்கும். அதன் நுனியில் 40 கிலோ அளவுக்கு அழுத்தினாலே 100 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் சும்மா ஏறி நின்றால் 170 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். குதித்தால் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மீட்டர் நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி, அதன் மேல் அதே மனிதர் முழு எடையையும் போட்டால் ஏறக்குறைய 690 நியூட்டன் மீட்டர்; அது கனரக லாரியின் நட்டுக்கு உரிய அளவு. உறுதியான எஃகில் செய்த 12 மி.மீ. ஸ்டட் கூட உலர்ந்த மரையில் 170 நியூட்டன் மீட்டர் அளவில் தன் மீள்தன்மையின் எல்லைக்கு அருகே வந்துவிடுகிறது. எல்லையைத் தாண்டிய ஸ்டட் வில்லாக இருப்பதை விட்டுவிட்டு, மெழுகுபோல நிரந்தரமாக நீண்டுவிடும். அதன் பிறகு அதை எவ்வளவு இறுக்கினாலும் பழைய பிடிப்பு வராது. மரை உருக்குலைந்திருக்கும், கழுத்துப் பகுதி மெலிந்திருக்கும், அடுத்த முறை கழற்றும்போதோ ஓடும்போதோ முறியவும் கூடும். மிகையாக இறுக்கிய நட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: வழியில் பஞ்சரானால், கையில் இருக்கும் சிறு ஸ்பேனரால் அதைத் திறக்கவே முடியாது.

எண்ணெய் விஷயம் இதைவிட நுட்பமானது. நீங்கள் நட்டைத் திருப்பச் செலவிடும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிமுகத்துக்கும் சக்கரத்துக்கும் இடையிலான உராய்விலேயே தீர்ந்துவிடுகிறது. சுமார் 40 விழுக்காடு மரைகளுக்கு இடையிலான உராய்வில் போய்விடுகிறது. எஞ்சிய பத்து விழுக்காடு போலத்தான் ஸ்டட்டை நீட்டும் வேலையைச் செய்கிறது. எண்ணெயோ கிரீஸோ விட்டால் உராய்வில் வீணாகும் பங்கு குறைந்து, மிச்சப்பட்டது முழுவதும் நீட்சிக்குச் சேர்கிறது. அதனால் டார்க் ரெஞ்ச் அதே 100 நியூட்டன் மீட்டரைக் காட்டினாலும், ஸ்டட்டின் உள்ளே இழுவிசை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடியிருக்கும். தயாரிப்பாளர் கையேட்டில் தரும் எண் பொதுவாகச் சுத்தமான, உலர்ந்த மரைக்கு உரியது. எண்ணெய் விட்ட மரையின் மேல் ஏறி நிற்பதும் சேர்ந்தால், நான் மேலே சொன்ன எல்லையை ஸ்டட் தாண்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. துருவுக்கு மருந்து கம்பித் தூரிகைதான். மரையை நன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்து, உலர்ந்த நிலையில் மாட்ட வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சில கனரக வாகனங்களில் சக்கரத்தை ஹப்பின் நடுவட்டமே மையப்படுத்தும். நட்டு, சுழலும் வாஷருடன் இரண்டு துண்டாக வரும். அவற்றில் மரையின் நுனியிலும், நட்டுக்கும் அதன் வாஷருக்கும் இடையிலும் ஓரிரு துளி எண்ணெய் விடும்படி தயாரிப்பாளரே சொல்கிறார், முறுக்குவிசையின் எண்ணும் அதைக் கணக்கில் கொண்டே தரப்படுகிறது. அங்கே எண்ணெய் விடாமல் இறுக்குவதுதான் பிழை. ஆகவே ‘எண்ணெய் விடலாமா’ என்பதற்கு எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. உங்கள் காரின் கையேடு எண்ணெய் விடச் சொல்லாதவரை விடக்கூடாது என்பதே விதி.

எந்த எண்ணுக்கு இறுக்குவது? கையேட்டில் உள்ள எண்ணுக்குத்தான். சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றில் அது 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டா கார்கள் பலவற்றுக்கு 108, 14 மி.மீ. போல்ட் கொண்ட ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றுக்கு 120 என்று தரப்பட்டிருக்கிறது. பெரிய பிக்அப் வண்டிகளில் 200 வரை போகும், 22 மி.மீ. ஸ்டட் கொண்ட லாரிகளில் 600ஐத் தாண்டும். இந்த எண்களை ஓர் உணர்வுக்காகத்தான் சொல்கிறேன். ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கு இடையிலும், சில நேரங்களில் ஒரே மாதிரியின் இரும்புச் சக்கரத்துக்கும் அலாய் சக்கரத்துக்கும் இடையிலும் எண் மாறலாம் என்பதால், அடுத்தவர் காரின் எண்ணை எடுத்து உங்கள் காருக்கு வைக்காதீர்கள். அலகிலும் கவனம் வேண்டும். 1 கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். 1 பவுண்டு அடி என்பது 1.36 நியூட்டன் மீட்டர். பெரும்பாலான டார்க் ரெஞ்சுகளில் இரண்டு அளவுகோல்கள் பக்கத்துப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 108 நியூட்டன் மீட்டருக்குப் பதிலாக 108 பவுண்டு அடியில் வைத்துவிட்டால் 146 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். தொடக்க காலத்தில் நானும் இந்தப் பிழையைச் செய்து, நான்கு சக்கரங்களையும் மறுபடி தளர்த்தி இறுக்கியிருக்கிறேன்.

டார்க் ரெஞ்ச் தேவையா என்று கேட்டீர்கள். நான் தேவை என்றுதான் சொல்வேன். ஏனெனில் கைக்கு எட்டும் உணர்வு முறுக்குவிசையைப் பற்றியதே தவிர நீட்சியைப் பற்றியது அன்று, அந்த முறுக்குவிசையையும் கை மிக மோசமாகவே மதிப்பிடுகிறது. களைத்த கைக்கும் புத்துணர்வான கைக்கும், குட்டை ஸ்பேனருக்கும் நீண்ட ஸ்பேனருக்கும் ‘போதுமான இறுக்கம்’ வேறுபடுகிறது. ‘கிளிக்’ வகை டார்க் ரெஞ்ச் சாதாரண வேலைக்குப் போதும். நல்ல கருவி 4 விழுக்காடு கூடுதல் குறைவுக்குள் சரியாகக் காட்டும். அதைப் பிடிக்க வேண்டிய இடம் கைப்பிடியின் நடுப்பகுதி. வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக, மெதுவாக இழுக்க வேண்டும். முதல் கிளிக் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். ‘உறுதிக்கு இன்னொரு முறை’ என்று மேலும் இரண்டு கிளிக் வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கிளிக்கிலும் நட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். நட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது கேட்கும் கிளிக்தான் நம்பகமானது என்பதையும் மறக்க வேண்டாம். அசையாமல் நிற்கும் நட்டில் ரெஞ்சை வைத்தவுடனே கிளிக் வந்தால், அது குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் இறுகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். இருமடங்கு இறுகியிருந்தாலும் அதே கிளிக்தான் கேட்கும். ஏற்கெனவே மிகையாக இறுக்கிய நட்டை டார்க் ரெஞ்ச் காட்டிக்கொடுக்காது. நட்டைக் கழற்ற அந்த ரெஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவுகோலைக் குறைந்தபட்ச எண்ணுக்குக் கொண்டுவந்து வைத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்துபோகாது. தொழில்முறையில் பயன்படுத்துபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ 5,000 இறுக்கங்களுக்கு ஒருமுறையோ அளவுதிருத்தம் செய்வது வழக்கம்.

பணிமனைகளில் காற்றழுத்தத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று இறுக்குவதைப் பற்றி என் கருத்து கடுமையானது. கழற்றுவதற்கு அது அருமையான கருவி. நட்டு தளர்வாக ஓடி உட்காரும் வரை அதைப் பயன்படுத்துவதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடைசி இறுக்கத்தை அதனிடம் விட்டால், குழாயிலுள்ள காற்றின் அழுத்தம், விசையைப் பிடித்திருக்கும் நேரம், துப்பாக்கியின் தேய்மானம் ஆகியவற்றைப் பொறுத்து அடுத்தடுத்த நட்டுகளே வெவ்வேறு அளவில் இறுகும். முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தவென்று துப்பாக்கியில் பொருத்தும் தண்டுகள் ஓரளவு உதவினாலும் டார்க் ரெஞ்சுக்கு மாற்று ஆகா. சில பணியாளர்கள் துப்பாக்கியால் முழுமூச்சாக இறுக்கிவிட்டு, பிறகு வாடிக்கையாளர் பார்க்க டார்க் ரெஞ்சை வைத்து ஒவ்வொன்றிலும் கிளிக் ஒலி எழுப்புவார்கள். முன்பத்தியில் சொன்ன காரணத்தால் அது வெறும் சடங்கு. நட்டு ரெஞ்சுக்குக் கீழே சிறிதளவாவது திரும்புகிறதா என்று நின்று பாருங்கள்.

நட்டின் வடிவத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மிக மோசமான விபத்துகளுக்கு வித்திடுவது அதுதான் என்பதால் சொல்லாமல் விட மனமில்லை. நட்டு சக்கரத்தில் உட்காரும் இடம் மூன்று வடிவங்களில் வரும். கூம்பு வடிவம் பரவலானது, பெரும்பாலும் 60 பாகை. ஹோண்டாவின் மூலச் சக்கரங்களிலும் ஃபோக்ஸ்வாகன் போல்ட்டுகளிலும் உருண்டை வடிவத்தைக் காணலாம். டொயோட்டாவின் மூல அலாய் சக்கரங்கள் பலவற்றில் வாஷருடன் கூடிய தட்டை நட்டு வரும். மூன்றிலும் மரையின் அளவு ஒன்றாக இருக்கக்கூடும் என்பதால் எந்த நட்டும் எந்த ஸ்டட்டிலும் ஏறிவிடும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். உருண்டை இருக்கையில் கூம்பு நட்டை வைத்தால் அது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். டார்க் ரெஞ்ச் சரியாகக் கிளிக் ஒலி எழுப்பும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்த வளையம் நசுங்கி, அரைத்தாள் நீட்சி காணாமல் போய்விடும். வேறு சக்கரம் வாங்கி மாட்டுபவர்கள் அதற்குரிய நட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். கூம்பின் சரிவு சக்கரத்தை நோக்கி இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். இருட்டிலும் மழையிலும் திருப்பி மாட்டியவர்கள் உண்டு.

ஸ்டட்டின் நீளமும் அவ்வாறே. நட்டு ஸ்டட்டின் மேல் குறைந்தது ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழம் ஏறியிருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 12 மி.மீ. ஸ்டட்டில் மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் அது 8 முழுச் சுற்று, 1.25 மி.மீ. என்றால் 10 சுற்று. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே தடித்த இடைத்தகடு வைப்பவர்கள் இந்தச் சுற்றுகளை எண்ணிப் பார்க்கட்டும். ஸ்டட்டுக்குப் பதில் போல்ட் உள்ள வண்டியில் இதன் மறுபக்கமும் உண்டு: தேவைக்கு மேல் நீண்ட போல்ட் உள்ளே இருக்கும் பிரேக் பாகத்தில் போய் முட்டும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, கழற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் எதிரே உள்ள சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கைப்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், ஆகவே பின்சக்கரத்தை உயர்த்தும்போது அதன் உதவி பாதியாகிவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, பிறகு கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்து உயர்த்துங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியையும் நுழைக்காதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் பெரும்பாலோர் அவசரத்தில் தாண்டிப் போகும் ஒரு வேலை இருக்கிறது. ஹப்பின் முகத்தையும் சக்கரத்தின் உள்முகத்தையும் பாருங்கள். துருச் செதிள், மண், பழைய சக்கரத்தின் அலுமினியத் தூள், கெட்டியான வண்ணப்பூச்சு என்று ஏதேனும் ஒட்டியிருக்கும். நமது நீட்சி 0.05 மி.மீ.தான், நடுவே சிக்கிய துருச் செதிளின் தடிமன் அதைவிட அதிகம். இன்று அதன் மேல் இறுக்கினால், ஓட ஓட அது நொறுங்கிப் பொடியாகும், நீட்சியில் பெரும்பகுதி அதோடு போகும். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும் வரை தேய்த்துத் துடைத்துவிடுங்கள். சக்கரம் ஹப்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், ஹப்பின் நடுவட்ட விளிம்பில் மட்டும் விரல்நுனியால் மெல்லிய கிரீஸ் தடவலாம். முகத்திலோ மரையிலோ நட்டின் இருக்கையிலோ அது படக்கூடாது. சக்கரத்துக்கு வண்ணம் பூசுபவர்கள், நட்டு உட்காரும் குழிகளிலும் ஹப்பைத் தொடும் முகத்திலும் பூச்சுப் படாமல் மறைத்துக்கொண்டு பூச வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

பிறகு சக்கரத்தை மாட்டி, எல்லா நட்டுகளையும் விரல்களாலேயே ஓடவிடுங்கள். இந்தக் கட்டத்தில் ஸ்பேனர் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், மரை கோணலாக ஏறினால் விரலுக்குத்தான் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியாது. விரலுக்கு வசப்படாத நட்டு அழுக்காலோ அடிபட்ட மரையாலோ தடுக்கப்படுகிறது. கழற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் ஓடி உட்கார்ந்ததும், சக்கரம் இன்னும் அந்தரத்தில் இருக்கும்போதே ஸ்பேனரால் லேசாக, வரிசை மாற்றி இறுக்குங்கள். சக்கரம் ஹப்பின் மேல் மட்டமாக அமர்வது இப்போதுதான். வண்டியின் எடை இறங்கிய பிறகு தளர்ந்த சக்கரத்தை இறுக்கினால், அது ஒருபக்கம் சாய்ந்த நிலையிலேயே நெரிபட்டு நின்றுவிடக்கூடும். அடுத்து, டயர் தரையைத் தொட்டுச் சக்கரம் சுழலாத அளவுக்கு ஜாக்கியை இறக்கி, டார்க் ரெஞ்சை எடுங்கள்.

வரிசை முக்கியம். அடுத்தடுத்த நட்டுகளைச் சுற்றிவரும் ஒழுங்கில் முழுதாக இறுக்கினால், முதலில் இறுகிய பக்கம் சக்கரம் ஒட்டி, எதிர்ப்பக்கம் மயிரிழை தூக்கிக்கொள்ளும்; பிறகு அந்தப் பக்கத்தை இறுக்கும்போது முதலில் இறுக்கியவற்றின் நீட்சி மாறிவிடும். நான்கு நட்டு என்றால் எதிரெதிராக. ஐந்து என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக, அதாவது 1, 3, 5, 2, 4 என்ற ஒழுங்கில். நட்சத்திரம் வரைவது போலக் கை போகும். ஆறு என்றால் எதிரெதிர் இணைகளாக. குறித்த அளவின் பாதியில் ஒரு சுற்று, முழு அளவில் ஒரு சுற்று என்று இரண்டு கட்டமாகச் செய்து, கடைசியாக அதே அளவில் இன்னொரு முறை எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். கடைசிச் சுற்றில் முதலில் இறுக்கிய ஒன்றிரண்டு நட்டுகள் சிறிது திரும்புவதைக் காண்பீர்கள். அலட்சியமாக விட்டிருந்தால் அவைதான் முதலில் தளர்ந்திருக்கும்.

ஹப்பும் பிரேக்கும் கொதிக்கும் நிலையில் இறுதி இறுக்கம் செய்யாதீர்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துவந்த வண்டியில் பாகங்கள் விரிந்திருக்கும். ஆறிச் சுருங்கியதும் நீட்சி மாறும். வழியில் வேறு வழியில்லாமல் மாட்ட நேர்ந்தால், ஆறியபின் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது சம்பிரதாயம் அன்று. புதிதாகச் சேர்ந்த முகங்களின் நுண்ணிய மேடுகள், எஞ்சிய அழுக்கு, பூச்சு எல்லாம் முதல் ஓட்டத்தில் நசுங்கிப் படிகின்றன. அந்தப் படிவு 0.02 மி.மீ. இருந்தாலே பிடிவிசையில் கணிசமான பங்கு போய்விடும். புது அலாய் சக்கரத்தில் இது இன்னும் கூடுதல். இந்த மறுபரிசோதனையில் நட்டைத் தளர்த்த வேண்டியதில்லை. ஆறிய சக்கரத்தில், அதே அளவில், இறுகும் திசையில் ரெஞ்சை வைத்தால் போதும். ஒரு நட்டு காற்சுற்று போல நன்றாகத் திரும்பிவிட்டால் அதைச் ‘சரி, இறுக்கிவிட்டேன்’ என்று விடாமல், சக்கரத்தைக் கழற்றிக் காரணத்தைத் தேடுங்கள். லாரிகளில் நட்டுகளின் மேல் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் அம்புகளை எதிரெதிராக மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நட்டு திரும்பினால் அம்பின் திசை மாறி, தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். காரில் நட்டிலிருந்து சக்கரம் வரை மையால் ஒரு கோடு இழுத்தாலே அந்தப் பயன் கிடைக்கும்.

தளர்ந்த சக்கரம் முன்கூட்டியே சொல்லும். மெதுவாக ஓடும்போது சக்கரத்தின் சுழற்சிக்கு ஏற்ப ‘டொக், டொக்’ என்ற ஒலி, வேகம் கூடக்கூட வளரும் ஆட்டம், நட்டைச் சுற்றிலும் துருக்கோடோ கருந்தூளோ, துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பது ஆகியவை அறிகுறிகள். சக்கரம் மாற்றிய பிறகு இந்த ஒலி கேட்டால் அடுத்த நிறுத்தம் வரை பார்க்கலாம் என்று ஓட்டாமல் உடனே ஓரம்கட்டுங்கள். தளர்வாக ஓடிய சக்கரத்தின் ஸ்டட்டுகள் வெளிப்பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும், வளைந்து நிமிர்ந்ததில் உள்ளே விரிசல் தொடங்கியிருக்கலாம். ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதன் இருபுறமும் உள்ளவற்றையும், இரண்டோ அதற்கு மேலோ முறிந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லாவற்றையும் மாற்றுவது கனரக வாகனத் தொழிலில் நிலைத்த வழக்கம். காருக்கும் அதையே பின்பற்றுவேன்.

சாலையோரத்தில் டார்க் ரெஞ்ச் இல்லாமல் நின்றால் என்ன செய்வது? வண்டியின் சொந்த ஸ்பேனரை மட்டும் எடுத்து, அதைத் தரைக்குக் கிடைமட்டமாக வைத்து, நுனியில் இரு கைகளையும் ஊன்றி மேலுடம்பின் எடையைச் சீராகச் சாய்த்து இறுக்குங்கள், காலைக் கொண்டுவராதீர்கள். 25 செ.மீ. ஸ்பேனருக்கு 40 கிலோ என்று முன்பு சொன்னேன். அந்த 40 கிலோ கைக்கு எப்படி இருக்கும் என்று அறிய, வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியை மேசைமேல் வைத்து இரு கைகளாலும் அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று முறை பழகினால் கை ஓரளவுக்கு நினைவில் வைத்துக்கொள்ளும். இது ரெஞ்ச் கிடைக்கும் இடம் வரை போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே.

இப்போது உங்கள் ஸ்டீயரிங் நடுக்கத்துக்கு வருகிறேன். உங்கள் காரில் பிரேக் டிஸ்க், சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே சேர்ந்து நெரிபடும் அமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நட்டுகள் மிகையாகவும் சமமின்றியும் இறுகும்போது டிஸ்க் மிகச் சிறிதளவு கோணலாகிறது. கோணலான டிஸ்க்கின் ஒரே இடம், பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பேடில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையில்) உரசுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்து, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும். மாட்டிய அன்றே நடுங்காமல் சில மாதம் கழித்து நடுங்குவது இதனால்தான். வேறு காரணங்களும் நடுக்கத்தைத் தரக்கூடும் என்றாலும், நீங்கள் விவரித்த வரலாறு இதற்குப் பொருந்துகிறது.

ஆகவே நீங்கள் கையாண்ட அந்த முன்சக்கரத்தைக் கழற்றி, எல்லா ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் கரைப்பானால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து உலரவிடுங்கள். பிறகு சக்கரம் இல்லாமலேயே ஒவ்வொரு நட்டையும் ஸ்டட்டில் விரலால் அடிவரை ஓட்டிப் பாருங்கள். பாதியில் இறுகும் நட்டு, அந்த இடத்தில் மரையின் இடைவெளி மாறிவிட்டதை, அதாவது ஸ்டட் நிரந்தரமாக நீண்டுவிட்டதைக் காட்டுகிறது. மரைப்பற்களின் இடைவெளியைக் காட்டும் அளவிச் சீப்பு இருந்தால் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். அத்தகைய ஸ்டட்டை நட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும், ஏனெனில் உருக்குலைந்த மரையில் ஓடிய நட்டின் பற்களும் கெட்டிருக்கும். பழையதைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த அடிகள் ஹப் பேரிங்கில் போய் இறங்கும், உரிய பிரஸ்ஸால் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டட்டுகள் எல்லாம் தேறினால், உலர்ந்த மரையில், கையேட்டின் எண்ணுக்கு, நட்சத்திர ஒழுங்கில் இறுக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் அப்போதும் குறையாவிட்டால் தேய்மானம் டிஸ்க்கில் ஏற்கெனவே பதிந்துவிட்டது என்று கொள்ளலாம். பணிமனையில் மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் தடிமனைச் சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து, அதன் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இடமிருந்தால் கடைந்து சமப்படுத்தலாம். இல்லையென்றால் இரு முன்சக்கரங்களின் டிஸ்க்குகளையும் பேடுகளையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.